ஒரே ஒரு டக்

முனிரத்தினம் சாவியைத் திருப்பினார்.

'டக்.'

அவ்வளவுதான். எஞ்சின் உறுமவில்லை. இருமக்கூட இல்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும் அதே ஒற்றை 'டக்'.

"இது காரா, பல்லியா சார்?" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த நேத்ரா. "எந்தத் திசையில சொல்லுதுன்னு பாத்துப் பலன் சொல்லட்டுமா?"

ஷெட் வாசலில் நின்ற டைட்டஸ் சிரிக்கவில்லை. நேத்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மனைவியை அடக்கம் பண்ணி நாலு நாள்தான் ஆகிறது அந்த மனிதருக்கு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. தங்கச் சுரங்கத்தை மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. சங்கு ஊதுவது நின்றுபோனதால் மாரிகுப்பத்தில் எல்லாரும் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், போக ஓர் இடம் இல்லாவிட்டாலும்.

முனிரத்தினம் பதினேழு வருடம் சுரங்க செக்யூரிட்டியில் இருந்தவர். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்களைச் சோதனை போட்டு, டிபன் டப்பாவின் இடுக்கிலும் செருப்பின் அடித்தோலிலும் ஒளித்த பொன்துகளை எடுப்பதுதான் வேலை. வேலையை விட்டுவிட்டு ராபர்ட்சன்பேட்டையில் ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் திறந்து நாலு வருடம் ஆகிறது. அந்த அலுவலகத்தின் மொத்தச் சிப்பந்தியும் நேத்ராதான். அம்மா கன்னடம், அப்பா தமிழ். கிராப் வெட்டிய தலை, பேன்ட், பையன்களைப் போலக் கட்டைக் குரல், எந்த நேரமும் ஓயாத வாய்.

"அன்னிக்கி நடந்ததை இன்னொருக்கா சொல்லுங்கண்ணே" என்றார் முனிரத்தினம்.

டைட்டஸ் ஷெட் கதவைப் பிடித்துக்கொண்டார். அறுபத்து மூன்று வயது. நெடிய உடம்பு, வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை. காலையில ஏழு மணி. கோயிலுக்குப் பொறப்பட்டுக்கினு இருந்தோம். கண்ணாடி முன்னால நின்னுக்கினு இருந்தவ அப்படியே சாஞ்சிட்டா. வாய் ஒரு பக்கமா கோணிக்கிச்சி. வலது கை வரல. பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மா ஓடியாந்தா. ரெண்டு பேருமா தூக்கியாந்து பின் சீட்டுல படுக்கப் போட்டோம். கீயைத் திருப்பறேன், டக்."

"ஒரு டக்கா? இல்ல, டிக்டிக்டிக்னு விடாம அடிச்சுதா?"

டைட்டஸின் முதுகு நிமிர்ந்தது.

"முனிரத்தினம், முப்பத்தொரு வருஷம் வைண்டர் ஓட்டுனவன் நான். ஷாஃப்ட்ல ஆளை எறக்கற கூண்டு, அந்த கேஜ், என் கையில. கீழ லெவல்ல இருந்து எத்தனை மணி அடிக்கிறானோ, அதை எண்ணித்தான் தூக்கணும், எறக்கணும். ஒரு மணியைத் தப்பா எண்ணுனா கேஜ்ல இருக்கறவன் பொணமாத்தான் வருவான். நான் ஒருநாளும் தப்பா எண்ணுனது இல்ல. பதினோரு தடவை திருப்பினேன். பதினோரு டக்."

முனிரத்தினம் தலையசைத்தார். இதைவிட நல்ல காது சாட்சி கோர்ட்டுக்குக்கூடக் கிடைக்காது.

"நேத்ரா, ஹெட்லைட்டைப் போட்டுட்டு முன்னால போய் நில்லு. நான் திருப்பறப்போ வெளிச்சம் மங்குதா பாரு."

'டக்.'

"மங்கல சார். எங்க ஹாஸ்டல் வார்டன் மாதிரி முறைச்சுக்கினே இருக்கு."

"பேட்டரி செத்திருந்தா டிக்டிக்னு அடிச்சுக்கும், லைட்டும் அழுது வடியும். இது அது இல்ல." முனிரத்தினம் நாலாம் தடவை திருப்பி, சாவியைச் சில நொடி அப்படியே பிடித்தார். இன்னொரு கையால் சோக் குமிழைத் தொட்டவர் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார். "சுடுதே."

"அன்னிக்கும் சுட்டுச்சு" என்று டைட்டஸ் கட்டைவிரலை நீட்டினார். நுனியில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது.

"சோக் ஒயர் எதுக்கு சார் சுடணும்?" என்றாள் நேத்ரா.

"கரெண்டு பேட்டரியில இருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகுது. போனது திரும்பி வரணுமில்ல? வர்றதுக்கு எஞ்சினையும் பாடியையும் சேர்த்து ஒரு எர்த் பட்டை உண்டு. அது அறுந்தாலோ கழண்டாலோ கரெண்டு வேற வழி தேடும். மெயின் ரோடு அடைச்சா சந்துல புகுந்து ஓடற மாதிரி. அந்தச் சந்துதான் இந்த சோக் ஒயர். சின்ன சந்து, பெரிய கூட்டம். சந்து சூடாகுது, மோட்டார் சுத்தறதில்ல."

பானெட்டைத் தூக்கினார். எஞ்சினின் கீழ்ப்பக்கம் கையை விட்டுத் துழாவினார். பின்னிய செம்புப் பட்டை ஒன்று ஒரு பக்கம் விடுபட்டுத் தொங்கியது. போல்ட் இருந்தது. அதன்மேல் இருக்கவேண்டிய நட்டு இல்லை. போல்ட்டைத் தடவிய விரலை மூக்கருகே கொண்டுபோனார். இரண்டு தடவை முகர்ந்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

சிமெண்ட் தரையை நேத்ரா டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் தேடினாள். நட்டு கிடைக்கவில்லை. தானாகக் கழன்று விழுந்ததில்லை, யாரோ கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

முனிரத்தினம் ஒரு துண்டுக் கம்பியால் பட்டையைப் போல்ட்டோடு இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது.

பழைய ஃபியட். ஆனாலும் தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது. டைட்டஸ் தடவியபடி வந்து பானெட் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தார். அதிர்வு அவர் கையில் ஏறி, தோளில் ஏறி, தாடை வரைக்கும் வந்தது.

"ஒரு நட்டு" என்றார். "ஒரு நட்டா?"

நேத்ராவே எட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.

---

டைட்டஸ் டீ போட்டுக் கொடுத்தார். தம்ளரின் விளிம்புக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, விரலில் சூடு பட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார். "இந்தா தம்பி" என்று நேத்ராவிடம் நீட்டினார்.

நேத்ரா தன் கிராப்பைத் தடவிக்கொண்டாள். "அந்த சலூன்காரனை நான் சும்மா விடப்போறதில்ல சார்" என்று கிசுகிசுத்தாள்.

முனிரத்தினம் அவளைப் பார்க்கவில்லை. தம்ளரையும், பிறகு ஜன்னல் வழியாகக் காரின் இடது பக்கத்தையும் பார்த்தார். மட்கார்டில் நீளமாக ஒரு கீறல். கீறலில் கேட் தூணின் சுண்ணாம்பு.

"கடைசியா வண்டி எப்ப ஓடுச்சு?"

"சனிக்கிழமை சாயங்காலம். கோரமண்டல் போயிட்டு வந்தேன். பட்டு மாதிரி ஓடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஞாயித்துக்கிழமை காலையிலதான். அன்னிக்கி பார்த்து பந்த். ஆட்டோ இல்ல, பஸ் இல்ல. போன் போட்டா எவனும் எடுக்கல. கடைசியில ஒரு பால் வேன் வந்துச்சு. அம்பது நிமிஷம். ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கறப்போ கை ஜில்லுனு ஆயிடுச்சு."

"அந்த அம்பது நிமிஷத்துல அவங்க ஏதாவது பேசினாங்களா?"

டைட்டஸ் தம்ளரைக் கீழே வைத்தார்.

"'கீ... கீ...'ன்னா. கீயைத்தான் கேக்கறான்னு, 'இதோ பாரு, கீ என் கையிலதான் கீது ஐடா'ன்னு காட்டினேன். மறுபடியும் கீன்னா. இடது கையால சேலையை இழுத்து இழுத்து என் கையில திணிச்சா. ஒடம்பு தெரியுதுன்னு கூச்சப்படறா போலன்னு நல்லா இழுத்துப் போர்த்திவிட்டேன். மறுபடியும் இழுத்தா. மறுபடியும் போர்த்திவிட்டேன்."

எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

"யாரு பண்ணதுன்னு எனக்குத் தெரியும். அடக்கத்தன்னிக்கே ஊர் முன்னால சொல்லிட்டேன். மெக்கானிக் இன்பராஜ். பத்து நாளைக்கு முன்ன, 'இனிமே நீங்க வண்டி ஓட்ட வேணாம் அங்கிள், எனக்குக் குடுத்துடுங்க'ன்னு கேட்டான். என்னைப் பாத்து! வெளிய போடான்னேன். அந்தக் கோவத்துல செஞ்சிருக்கான். நாலு மணிக்கு ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கறேன். நட்டைக் கழட்டிட்டான்னு நீங்க எழுதிக் குடுங்க, போதும்."

---

இன்பராஜின் ஒர்க்‌ஷாப் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. இருந்தது என்று மட்டும்தான் சொல்லமுடியும். போர்டைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அலமாரிக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. கதவில் யாரோ தாரால் 'கொலகாரன்' என்று எழுதியிருந்தார்கள்.

"எழுத்துப் பிழை வேற" என்றாள் நேத்ரா. குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

உள்ளே ஒரு டயர் மேல் இன்பராஜ் உட்கார்ந்திருந்தான். முப்பது முப்பத்திரண்டு வயது. நெற்றியில் பிளாஸ்திரி. முனிரத்தினம் தான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்றான்.

"நான்தான் சார் பண்ணேன். எழுதிக்கோங்க."

"ஐயோ தேவரே!" என்று அம்மாவின் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள் நேத்ரா. "கிடுக்கிப்பிடியா நாலு கேள்வி யோசிச்சு வெச்சிருந்தேன். எல்லாம் வேஸ்ட்டா?"

முனிரத்தினம் உடைந்த கண்ணாடியைக் காலால் ஒதுக்கிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எப்ப கழட்டுனே?"

"சனிக்கிழமை காலையில. ஆயில் பாக்கறேன்னு போய்."

"அப்புறம் எங்க போனே?"

"மத்தியானம் ரயில் ஏறிப் பங்காருப்பேட்டை. மாமியார் ஊட்டுக்கு. பந்த்துல மாட்டிக்கினு திங்கக்கிழமைதான் வந்தேன்."

"சனிக்கிழமை சாயங்காலம் டைட்டஸ் அந்த வண்டியை எடுத்துக்கினு கோரமண்டல் போயிட்டு வந்திருக்காரு. பட்டு மாதிரி ஓடுச்சாம். நட்டு இல்லாம எப்படி ஓடுச்சு?"

இன்பராஜ் நெற்றிப் பிளாஸ்திரியைத் தடவினான்.

"சரி, இதைச் சொல்லு. நட்டு துருப்பிடிச்சு இறுகியிருந்திருக்கும். இளக்கறதுக்கு என்ன ஊத்துனே?"

"மண்ணெண்ணெய்."

"போல்ட்டுல தேங்காயெண்ணெய் வாசனை வருது. வெந்தயம் போட்டுக் காய்ச்சுன எண்ணெய். கடை பூரா மண்ணெண்ணெய் வெச்சிருக்கற மெக்கானிக் தலைக்குத் தேய்க்கற எண்ணெயை எடுத்துக்கினு போவானா?"

நேத்ரா நிமிர்ந்தாள். ஷெட்டில் அவர் இரண்டு தடவை முகர்ந்தது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"யாரைக் காப்பாத்தறே இன்பராஜ்?"

"காப்பாத்தறதுக்கு இனிமே யாரு சார் இருக்காங்க?" என்றான் அவன். சொன்ன பிறகுதான் அதிகமாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது போலிருக்கிறது. குனிந்து முனிரத்தினத்தின் காலைத் தொட வந்தான். "நான்தான்னே இருக்கட்டும் சார். அங்கிள் என் மேல இருக்கற கோவத்துலதான் எழுந்து நடமாடிக்கினு இருக்காரு. அதையும் புடுங்கிட்டா விழுந்துடுவாரு."

"ஜெயிலுக்குப் போவியா?"

"போறேன். அன்னிக்கி நான் ஊர்ல இருந்திருந்தா ஒரு நிமிஷ வேலை. அதுக்காவது போறேன்."

---

ஸ்கூட்டரில் திரும்பும்போது நேத்ரா பின்னாலிருந்து கேட்டாள். "தேங்காயெண்ணெய்னா வீட்டுக்குள்ள இருந்த ஆளு. வீட்டுல ரெண்டே பேரு. ஒருத்தர் கேஸ் குடுக்கறாரு. சார், நான் நெனைக்கறதையா நீங்களும் நெனைக்கறீங்க?"

"நெனைச்சா போதாது. நட்டு வேணும்."

"ஒரு நட்டை எங்கன்னு தேடறது?"

"பதினேழு வருஷம் எனக்கு அதுதானே பொழப்பு. ஆம்பளைங்க செருப்புல ஒளிப்பாங்க. அவசரத்துக்கு ஒண்ணை பத்திரமா வெக்கணும்னா எங்க அம்மாவுக்கு ஒரே ஒரு எடம்தான்."

முனிரத்தினம் டைட்டஸின் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

கிருஷ்ணம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அடக்கத்துக்கு முன் ஐடாவைக் குளிப்பாட்டிப் புதுச் சேலை உடுத்திவிட்டது அவள்தான். முனிரத்தினம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அவங்க உடுத்தியிருந்த சேலையில முந்தானை முடிச்சு ஏதாவது இருந்துச்சாம்மா?"

கிருஷ்ணம்மாவின் கை நின்றது. எழுந்து உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தாள்.

"காணிக்கைக் காசுன்னு நெனச்சு அவுத்தேன்யா. பாத்தா இது. இது இன்னாத்துக்கு அக்கா முடிஞ்சு வெச்சிருந்துச்சுன்னு எனக்கு வெளங்கல. தூக்கிப் போடவும் மனசு வரல."

பொட்டலத்துக்குள் ஒரு சின்ன இரும்பு நட்டு.

நேத்ரா அதையே பார்த்தாள். ஐடாவின் இடது கை சேலை முனையை இழுத்து இழுத்துக் கணவன் கையில் திணித்ததை அவள் மனசு தானாகப் படம் பிடித்தது.

"கீ இல்ல சார்" என்றாள் மெல்ல. "கீழே. அவங்க 'கீழே'ன்னு சொல்ல வந்திருக்காங்க. எஞ்சினுக்குக் கீழே. எந்த எடத்துல மாட்டணும்னு சொல்லி, நட்டையும் கையில குடுத்திருக்காங்க. அவரு..."

நட்டை முனிரத்தினத்தின் கையில் வைத்தாள்.

"ஏம்மா அவங்க இதைச் செய்யணும்?" என்று முனிரத்தினம் கேட்டார். பதில் அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார்.

"கண்ணுதான்யா" என்றாள் கிருஷ்ணம்மா. "அண்ணனுக்குப் பார்வை மங்கிப் பூடுச்சு. ஒத்துக்கமாட்டாரு. அக்காவும் ஒருநாளும் வாய் தொறந்து சொல்லாது. சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை உள்ள வுடறப்போ என் பொண்ணு சைக்கிள்ல எதிர வந்துச்சு. மயிரிழை. அது குதிச்சுட்டுது. வண்டி போய்த் தூணுல ஒரசுச்சு. அவருக்குப் புள்ளை வந்ததே தெரியாது, 'தூணு நவந்துக்கிச்சா ஐடா'ன்னு சிரிக்கறாரு. அக்கா ஓடியாந்து என் காலைப் புடிச்சுக்கிச்சு. 'அவர்கிட்ட சொல்லிடாதே கிருஷ்ணம்மா, இனிமே அந்த வண்டி ஓடாது, நான் பாத்துக்கறேன்'னுச்சு."

வெளியே வந்து இருவரும் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார்கள். மணி மூன்றே கால்.

"நட்டு தானா கழண்டு விழுந்துடுச்சுன்னு எழுதிடுங்க சார்" என்றாள் நேத்ரா. "பழைய வண்டி. யாரு மேலயும் தப்பில்ல. இன்பராஜும் தப்பிச்சான், இவரும் தப்பிச்சாரு."

"பதினேழு வருஷத்துல ஒரு ரிப்போர்ட்டும் பொய்யா எழுதுனதில்ல."

"எழுதலாம் சார். இன்னிக்கி ஒண்ணே ஒண்ணு."

முனிரத்தினம் நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி" என்றார்.

---

டைட்டஸ் புறப்பட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். கையில் எழுதிய கம்ப்ளெய்ன்ட்.

"அண்ணே, இன்பராஜ் பண்ணல. அவன் ஊர்லயே இல்ல. நட்டு ஆட்டத்துல தானா கழண்டு விழுந்திருக்கு."

"எங்க விழுந்துச்சு?"

"ஷெட்டுலதான். காலையில கண்ணுல படல. இப்ப பாத்தேன்."

"அந்தத் தம்பி லைட் அடிச்சு மூலை மூலையாத் தேடுச்சே. நான் கேட்டுக்கினுதான் நின்னேன். நட்டு கெடச்ச சத்தம் வரலியே." டைட்டஸ் கையை நீட்டினார். "குடுங்க."

முனிரத்தினம் தயங்கினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. வேறு வழியில்லாமல் நட்டை அதில் வைத்தார்.

டைட்டஸ் அதை விரல்களுக்கிடையில் உருட்டினார். இயந்திரங்களோடு வாழ்ந்த விரல்கள். பிறகு பழக்கத்தில் முகத்தருகே கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார்.

வெந்தயம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். முப்பத்தாறு வருடம் பக்கத்துத் தலையணையில் இருந்த வாசனை.

டைட்டஸின் உதடுகள் எதையோ எண்ணுவது போல அசைந்தன. பதினோரு தடவை. அம்பது நிமிஷம். இழுத்து இழுத்துத் திணித்த சேலை.

"இதையா குடுத்தா?" என்றார்.

முனிரத்தினத்துக்குப் பொய் வரவில்லை. "ஆமாண்ணே."

"நான் போர்த்திவிட்டேன்." நட்டு இருந்த கையை மூடிக்கொண்டார். "அவ குடுத்தா, நான் போர்த்திவிட்டேன். முடிச்சு என் கண்ணுக்குத் தெரியல முனிரத்தினம். ஒரு வருஷமாவே எனக்கு ஒண்ணும் சரியாத் தெரியல. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

கம்ப்ளெய்ன்ட் காகிதம் மடியிலிருந்து நழுவி விழுந்தது. அவர் அழவில்லை. ஓசையில்லாமல் மூச்சு வாங்கினார். நீண்ட ஏணியில் ஏறி வந்தவர் போல. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார்.

"எஞ்சினுக்குக் கீழ எது எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. யாரோ சொல்லிக் குடுத்திருக்கணும். என்னை இன்பராஜ்கிட்ட கூட்டிக்கினு போங்க. தம்பி, உன் கையைக் குடு."

நேத்ரா கையைக் கொடுத்தாள். அவள் கையில் இருந்த வளையல் அவர் விரலில் தட்டியது.

"பொம்பளப் புள்ளையா நீ?"

"ஆமா அங்கிள்."

"மன்னிச்சுக்கம்மா."

நேத்ராவுக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. அவர் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

---

மூவரும் ஆட்டோவை விட்டு இறங்கினார்கள். ஒர்க்‌ஷாப் வாசலில் டைட்டஸைப் பார்த்ததும் தெருவில் கும்பல் கூடிவிட்டது. கல் எறிந்தவர்களும் அதில் இருந்தார்கள். இன்னும் நாலு கல் எறிய அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது போல நின்றார்கள்.

டைட்டஸ் கும்பலின் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.

"இவன் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என் கண்ணு மேல. இவன் கடையை யாரு ஒடச்சீங்களோ, நீங்களே வந்து சரி பண்ணிக் குடுங்க. எனக்காகப் பண்ணீங்க, அதனால நான் கேக்கறேன்."

ஓரமாக நின்ற ஒருவன் குனிந்து, பிடுங்கிப் போட்ட போர்டை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தான்.

இன்பராஜ் உள்ளே சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். டைட்டஸ் கண்ணாடித் துண்டுகள் மேல் நடந்து போனார். நேத்ரா அவரை டயர் மேல் உட்காரவைத்தாள்.

"சொல்லிட்டீங்களா சார்?" என்றான் இன்பராஜ். முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அங்கிள், நான்தான் எடத்தைக் காட்டிக் குடுத்தேன். நான் காட்டாம இருந்திருந்தா..."

"அதை வுடு" என்றார் டைட்டஸ். "அவ உன்கிட்ட வந்தாளா?"

"வந்தாங்க."

"எப்ப?"

"வியாழக்கிழமை."

"இன்னா சொன்னா? ஒண்ணு வுடாம சொல்லு."

இன்பராஜ் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"மார்க்கெட் பையோட வந்தாங்க. இந்த டயர் மேலதான் உக்காந்தாங்க. 'வண்டி ஓடக்கூடாது தம்பி, ஆனா கெட்டும் போகக்கூடாது, அப்படி ஏதாவது வழி கீதா'ன்னு கேட்டாங்க. எர்த் பட்டையைச் சொன்னேன். வேற ஒரு ஃபியட் இங்க நின்னுக்கினு இருந்துச்சு, அதுல காட்டினேன். கையை விட்டு மூணு தடவை தொட்டுப் பாத்துக்கினாங்க. ஸ்பேனர் வாங்கிக்கினாங்க. 'எப்ப வேணும்னாலும் மறுபடி மாட்டிடலாமில்ல'ன்னு கேட்டாங்க. 'ஒரு நிமிஷ வேலை ஆன்ட்டி'ன்னேன்."

"அப்புறம்?"

"'அவரு உன்னைக் கூப்பிடுவாரு. நீ வந்து பாத்துட்டு, பெரிய ரிப்பேரு, சாமான் கெடைக்காதுன்னு சொல்லிடு'ன்னாங்க. 'அதுக்கு நேராவே சொல்லிடலாமே ஆன்ட்டி, கண்ணு தெரியல, ஓட்டாதீங்கன்னு'ன்னு நான் கேட்டேன்."

டைட்டஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை முன்னால் நீட்டியிருந்தார்.

"'வேணாம் தம்பி'ன்னாங்க. 'அந்த மனுஷன் கைய நம்பி எத்தனை பேரு உசுரோட மேல வந்திருக்கான். அவருக்கு வயசாயிடுச்சுன்னு என் வாயால எப்படிச் சொல்றது? வண்டிக்கு வயசாயிடுச்சுன்னே இருந்துட்டுப் போகட்டும்'னாங்க."

வெளியே கும்பல் கலைந்துகொண்டிருந்தது. பங்காருப்பேட்டையிலிருந்து வந்த ரயில் ஸ்டேஷனில் நின்றது. யாரோ ஒரு பெண் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். டைட்டஸ் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. முனிரத்தினம் நேத்ராவைப் பார்த்து வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். இருவரும் ஓசைப்படாமல் வெளியே வந்தார்கள்.

"இன்னொருக்கா சொல்லு" என்று உள்ளே டைட்டஸின் குரல் கேட்டது. "மொதல்ல இருந்து சொல்லு. பையோட வந்தான்னியே, அங்கிருந்து."

"மார்க்கெட் பையோட வந்தாங்க அங்கிள்" என்று இன்பராஜ் மறுபடியும் ஆரம்பித்தான்.